பழைய மவுண்டன் பைக்குக்கு மதிப்பு போடுவது எப்படி

பழசு என்ற ஒரே காரணத்துக்காக எந்த மவுண்டன் பைக்கும் விலை போகாது. கராஜில் 30 வருஷம் தூசி படிந்து கிடந்தது என்பதும் ஒரு தகுதி இல்லை. "இந்த மாதிரி வண்டியை நான் எங்கேயுமே பார்த்ததில்லை, அப்படின்னா அபூர்வம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. யாரும் தேடாத பொருளும் கண்ணில் படாமல்தான் இருக்கும். குறைவாகச் செய்திருக்க வேண்டும், அதைத் தேடி அலைகிற ஆட்கள் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்த பிறகும் விலையை முடிவு செய்கிற இன்னொரு விஷயம் இருக்கிறது: பட்டறையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ, அதில் எவ்வளவு இன்னும் அந்தச் சைக்கிளில் மிச்சம் இருக்கிறது? இந்தக் கடைசி விஷயத்தைத்தான் முக்கியமாகச் சொல்லப் போகிறேன். ஏனென்றால் வைத்திருப்பவரின் கையில் இருப்பது அது ஒன்றுதான். நல்லெண்ணத்தில் அதைக் கெடுப்பவர்களும் அவர்களேதான்.

நான் தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்தில் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் லேத்தில் வேலை பழகிவிட்டு இங்கே வந்தவன். இந்த ஊருக்கு மவுண்டன் பைக் என்றால் உயிர். 2013-ல் உலக சாம்பியன்ஷிப் போட்டியே இங்கே கேஸ்கேட்ஸ் பார்க்கில்தான் நடந்தது. நார்த்டேல், மவுண்டன் ரைஸ் பக்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் படித்து ஆஸ்திரேலியாவுக்கோ இங்கிலாந்துக்கோ போய்விடுகிறார்கள். அவர்கள் தொண்ணூறுகளில் ஓட்டிய சைக்கிள் அப்பா அம்மா வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். வீட்டைக் காலி செய்யும்போது அது என்னிடம் வரும். பெரும்பாலானவை நல்ல, சாதாரணச் சைக்கிள்கள். எப்போதாவது ஒன்று வரும், வாசலில் இறக்கும்போதே கை நடுங்கும்.

எது அப்படிப்பட்டது என்று தெரிய, கொஞ்சம் சரித்திரம் வேண்டும்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மாரின் வட்டாரத்தில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மண்பாதை. மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் 400 மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கும். 1976 அக்டோபரில் அங்கே ரீபேக் என்ற பந்தயம் தொடங்கியது. இளைஞர்கள் ஓட்டியது 1930, 40-களின் பழைய ஷ்வின் சைக்கிள்கள். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கரத்து பிரேக்கில் இருந்த கிரீஸ் எல்லாம் வெந்து புகைந்துபோகும், மறுபடி அடைக்க வேண்டும். அந்தப் பழைய பிரேம்கள் உடைய உடைய, ஜோ பிரீஸ் என்பவர் 1977-ல் இந்த ஓட்டத்துக்கென்றே குரோமோலி என்ற உறுதியான எஃகுக் குழாயில் புதிதாக ஒரு பிரேம் செய்தார். அந்த முதல் வரிசையில் மொத்தமே 10 சைக்கிள். முதல் சைக்கிள் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மலைச் சைக்கிள் உலகில் இதற்கு மேலே எதுவும் இல்லை.

1979-ல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் கடை தொடங்கினார்கள், டாம் ரிட்சி பிரேம் செய்து கொடுத்தார். 1981-ல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் ஸ்டம்ப்ஜம்பரைக் கொண்டுவந்தது. ஜப்பானில் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து கடை கடையாக விற்ற முதல் மவுண்டன் பைக் அதுதான். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மொத்த உற்பத்தி என்றாலே மதிப்பு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். முதல் ஸ்டம்ப்ஜம்பருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சாதாரண ஆள் கடைக்குப் போய் மலைச் சைக்கிள் வாங்க முடியும் என்ற நிலையை உண்டாக்கிய வண்டி அது. ஓட்டி ஓட்டித் தேய்த்துவிட்டார்கள், பாகங்களை மாற்றிவிட்டார்கள். அதனால் மாஃபாக் பிரேக், டி.ஏ. கிராங்க் (பெடலைப் பிடிக்கும் கை) என்று முதல் பாகங்களோடு முழுசாக நிற்பது அரிது. அதே பெயரில் பத்து வருஷம் கழித்து வந்தது எத்தனை நல்ல சைக்கிளாக இருந்தாலும் அந்தத் தராசில் ஏறாது.

அடுத்து, சேகரிப்பவர்கள் அதிகம் மோதிக்கொள்வது சின்னப் பட்டறைகளின் சைக்கிள்களுக்கு. கிறிஸ் சான்ஸ் 1982-ல் மாசசூசெட்ஸின் சோமர்வில்லில் தொடங்கிய ஃபேட் சிட்டி சைக்கிள்ஸ் 1994 வரைக்கும் அந்த ஊரில் இருந்தது. அதன் 'யோ எடி' மாடலுக்கு இன்றும் தனிக் கூட்டம் உண்டு. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் கால்கள் வளையாமல் நேராக இறங்கும். இன்னொருவர் கேரி கிளைன், வாஷிங்டன் மாநிலத்துச் செஹாலிஸில் தடித்த அலுமினியக் குழாய்களில் செய்தவர். 1995-ல் டிரெக் நிறுவனம் அவருடைய கம்பெனியை வாங்கியது. வாங்குவதற்கு முன் செய்தவையா, பின் செய்தவையா என்பதுதான் கிளைன் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி. பட்டறை மூடினாலோ கைமாறினாலோ அந்தத் தேதிக்கு ஒரு கோடு விழுகிறது. கோட்டுக்கு முந்தையது இனி ஒன்றுகூடப் பிறக்காது. சாண்டா குரூஸின் கீத் பான்ட்ரேகர் கையால் செய்த எஃகு பிரேம்களுக்கும் அதே கதைதான், அந்த நிறுவனமும் 1995-ல் டிரெக்கிடம் போனது.

யெட்டி கம்பெனியின் சைக்கிளைத் தேடுவதற்கு வேறு காரணம். அது பந்தயக்காரர்களின் சைக்கிள். எஃப்.ஆர்.ஓ. மாடலில் பின்பக்கத்துக் கீழ்க்குழாய் இடது, வலது என்று இரண்டு துண்டாக இருக்காது. ஒரே குழாயை வளைத்து சீட் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்திருப்பார்கள். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். 1990-ல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலக சாம்பியன்ஷிப் நடந்தபோது அமெரிக்கப் பந்தய வீரர் ஜான் டோமாக் ஓட்டியது கார்பன் குழாய்கள் ஒட்டிய சி-26 என்ற யெட்டி. சாலைப் பந்தயமும் ஓட்டிக்கொண்டிருந்த வருஷம் என்பதால் கீழே வளைந்த ரோடு ஹேண்டில்பாரையே மாட்டிக்கொண்டு மலையில் இறங்கினார். அந்தப் புகைப்படத்தைப் பார்த்து வளர்ந்த பையன்களுக்கு இன்று வயது ஐம்பதுக்குப் பக்கம், கையில் காசு இருக்கிறது. விலை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பெரும்பாலும் அங்கிருந்துதான். 16 வயதில் சுவரில் ஒட்டி வைத்திருந்த சைக்கிளை 50 வயதில் வாங்குகிறார்கள். நான் இதை முழு மனதோடு மதிக்கிறேன்.

சரி, இப்போது ஒரு சைக்கிள் உங்கள் முன்னால் நிற்கிறது. எப்படிப் பார்ப்பது?

நார்த்டேலிலிருந்து ஒரு அக்கா கொண்டுவந்த கிளைன் சைக்கிளை, ஆட்டிட்யூட் என்ற மாடலை வைத்தே சொல்கிறேன். மகன் பெர்த்தில் குடியேறிவிட்டான். "தம்பி, நல்லா கழுவி, புதுசா பெயின்ட் அடிச்சுக் கொடுங்க. யாராவது பிள்ளை ஓட்டட்டும்" என்றார். "அக்கா, தண்ணிகூட ஊத்த வேண்டாம், முதல்ல பார்த்துடறேன்" என்று வாங்கி ஸ்டாண்டில் ஏற்றினேன்.

முதல் வேலை, தலைகீழாகத் திருப்பி பெடல் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட்டின் அடிப்பகுதியைப் பார்ப்பது. பெரும்பாலான பிரேம்களில் வரிசை எண் அங்கே இருக்கும். மண்ணும் கிரீஸும் அப்பியிருக்கும். கம்பி பிரஷ் வேண்டாம், மண்ணெண்ணெய் தொட்ட துணியும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் போதும். எண்ணைப் படிப்பதோடு விடாதீர்கள், எழுத்தின் பள்ளத்தைப் பாருங்கள். பெயின்ட் பள்ளத்துக்குள் கனமாகத் தேங்கி எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருந்தால் மேலே மறுபடி பெயின்ட் அடித்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த அக்காவின் சைக்கிளில் ஓரங்கள் கூர்மையாக இருந்தன.

கிளைனின் பெயின்ட் ஒரு தனி வித்தை. ஒரு நிறம் இன்னொரு நிறமாக மாறுவது எங்கே என்று கண் வைத்துப் பார்த்தாலும் கோடு தெரியாது. இதில் ஹேண்டில்பாரும் அதைப் பிடிக்கும் ஸ்டெமும் ஒரே துண்டு, பிரேமோடு சேர்த்து அதே பெயின்டில் அடித்தது. பிரேக் வயர் குழாய்க்கு உள்ளே ஓடும். மேல்குழாயின் இடதுபக்கம் மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது. ஜன்னல் பக்கமாகத் தொங்கியிருக்கிறது என்று அர்த்தம். நான் அதை நல்ல அடையாளமாக எடுத்துக்கொண்டேன். 30 வருஷ வெயிலை யாரும் போலி செய்வதில்லை.

பிறகு பாகங்கள். இங்கே சைக்கிள் பாகம் செய்யும் ஷிமானோ கம்பெனி நமக்குப் பெரிய உதவி செய்திருக்கிறது. அந்தக் காலத்து ஷிமானோ பாகங்களின் பின்புறத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் குத்தியிருக்கும். கிராங்கின் உள்பக்கம், கியர் மாற்றும் டிரெயிலரின் (derailleur) பின்பக்கம் தேடுங்கள். முதல் எழுத்து வருஷம்: ஏ என்றால் 1976, அங்கிருந்து ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வருஷம். ஓ 1990, பி (P) 1991, கியூ 1992, எஸ் 1994. இரண்டாவது எழுத்து மாதம், ஏ ஜனவரியில் தொடங்கி எல் டிசம்பர் வரை. அக்காவின் சைக்கிளில் பின் டிரெயிலரைத் துடைத்துப் பார்த்தேன், பி (P), ஜே. 1991 அக்டோபர். 1992 மாடலாக விற்ற சைக்கிளுக்கு அது அப்படியே பொருந்துகிறது. கிராங்கிலும் அதே வருஷம். முன் டிரெயிலரில் மட்டும் எஸ் என்று இருந்தது. 1994-லோ அதற்கு அப்புறமோ யாரோ மாற்றியிருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் விற்கும்போது சொல்ல வேண்டிய விஷயம். அதே காலத்து சரியான பாகம் தேடிக் கிடைத்தால் மாட்டலாம், எடுத்ததையும் கூடவே பையில் போட்டுக் கொடுக்கலாம்.

இந்தப் பரிசோதனை முடிந்ததும் அக்காவிடம் சொன்னது: "பெயின்ட் அடிச்சா இதோட பேரே போயிடும்க்கா." அதற்கு அவர், "கீறல் எல்லாம் இருக்கே?" என்றார். கீறல் இருக்கட்டும். பழைய வெண்கல விக்கிரகத்தை அமிலம் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் என்ன ஆகுமோ, அதேதான் இங்கேயும். முதல் பெயின்ட் ஒரு தடவைதான் அடிக்கப்படும். மிதமான சோப்புத் தண்ணீர், மென்மையான துணி, கடைசியில் கார் மெழுகு. அதற்கு மேல் ஒன்றும் செய்யாதீர்கள். எஃகு பிரேமில் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் துரு தொடங்கியிருந்தால் அந்தப் புள்ளியில் மட்டும் மெழுகோ எண்ணெயோ தடவி நிறுத்துங்கள். ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். இப்போது புது ஸ்டிக்கர்கள் அச்சடித்து விற்கிறார்கள், அதனால்தான் கீறல் விழுந்த பிரேமில் பளிச்சென்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வருகிறது. கீறல் குழாயில் ஓடி ஸ்டிக்கருக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தால் கதை தெரிந்துவிட்டது.

ஒரு கடையில் அழகான பழைய எஃகு பிரேம் ஒன்றை மணல் அடித்துச் சுரண்டி ஒரே கறுப்பாகப் பவுடர் கோட்டிங் செய்து வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். வரிசை எண்ணில் பாதி காணோம். என்ன பிரேம் என்று குழாய் அளவையும் பின்சக்கரம் மாட்டும் முனைகளின் வடிவத்தையும் வைத்து ஊகிக்கத்தான் முடிந்தது. ஊகத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

இனி உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நல்ல எஃகு பிரேமின் குழாய் ஓரங்களில் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருக்கும். நடுவில் 0.6 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியது சகஜம். அதனால் ஒரு சின்ன நசுங்கலும் உள்துருவும் பெரிய விஷயம். ஹேண்டில் குழாய்க்குப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கம் விரலை மெதுவாக ஓட்டுங்கள், கண்ணை மூடிக்கொண்டே. அங்கே மெல்லிய மேடோ பெயின்டில் சுருக்கமோ தட்டுப்பட்டால் அந்தச் சைக்கிள் எதிலோ நேராக மோதியிருக்கிறது. மேல்குழாயின் அடியிலும் அதே இடம். பிறகு ஒரு நூலை எடுத்து, பின்சக்கர முனையில் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றி மறுபக்கத்து முனைக்கு இழுத்துக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் நூலுக்கும் சீட் குழாய்க்கும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரேம் கோணியிருக்கிறது.

அடுத்து சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கி பிரேமுக்குள் இறங்கும் குழாய். டர்பன் கடற்கரையில் இருந்து வரும் சைக்கிள்களில் எனக்கு முதல் பயம் இதுதான். எஃகு பிரேமுக்குள் அலுமினிய போஸ்ட், நடுவில் உப்புக்காற்று, 20 வருஷம் அசைக்காமல் விட்டால் இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். வாங்கும் முன் போஸ்ட் திரும்புகிறதா என்று கேளுங்கள், நேரில் என்றால் நீங்களே திருப்பிப் பாருங்கள். பிடித்துக்கொண்டதை ஊடுருவும் எண்ணெய் விட்டு நாள்கணக்கில் காத்திருந்து எடுக்கப் பாருங்கள். கடைசி வழி, போஸ்டை அறுத்துவிட்டு காஸ்டிக் சோடாவில் கரைப்பது. அது அலுமினியத்தைத் தின்னும், எஃகை விட்டுவிடும். பெயின்டில் பட்டால் பெயின்ட் போகும், கண்ணில் பட்டால் கண் போகும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். கிளைன், கேனண்டேல் போன்ற அலுமினிய பிரேமில் இதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், பிரேமே கரைந்துவிடும். போஸ்ட் வெளியே வந்ததும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பிரேமைக் கவிழ்த்து மெதுவாகத் தட்டினால் துரு செதில் செதிலாகக் கொட்டுகிறதா என்பது தெரியும்.

சஸ்பென்ஷன் ஃபோர்க் இருந்தால் கவனம். ராக்‌ஷாக்ஸின் முதல் ஃபோர்க் ஆர்.எஸ்.-1 சந்தைக்கு வந்ததே 1989, 90 வாக்கில்தான். அதற்கு முந்தைய சைக்கிளில் சஸ்பென்ஷன் இருந்தால் அது பெரும்பாலும் பிற்காலத்தில் மாட்டியது. ரப்பர் மாதிரியான எலாஸ்டோமர் வைத்த ஃபோர்க்குகளில் அந்தத் துண்டுகள் காலப்போக்கில் பிசினாக உருகிவிடும் அல்லது கல்லாகிவிடும். ஊதா நிறத்தில் மின்னும் எடை குறைந்த கிராங்குகள், பிரேக் கைகள் தொண்ணூறுகளின் தொடக்கத்து மோகம். இன்றும் தேடுகிறார்கள், பார்க்க அழகுதான். ஆனால் விரிசல் விடும். பூதக்கண்ணாடி வைத்து மூலைகளைப் பார்க்காமல் அதில் ஏறி மலை இறங்க வேண்டாம். பழைய டயர் கட்டிதட்டிப் போயிருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். சைக்கிளோடு வந்த முதல் டயரை ஒரு பையில் போட்டு வைத்து, ஓட்டுவதற்கு வேறு மாட்டுங்கள்.

பந்தயத்தில் ஓடிய சைக்கிள் என்று சொல்லி விற்பவர்கள் இந்த ஊரில் நிறைய. காரணமும் உண்டு. கிரெக் மினார் நம்ம மாரிட்ஸ்பர்க்காரர், 2003, 2012, 2013, 2021 என்று நான்கு தடவை மலை இறங்கும் டவுன்ஹில் பந்தயத்தில் உலக சாம்பியன். 2013-ல் சொந்த ஊரில் ஜெயித்தபோது ஓட்டியது சாண்டா குரூஸ் வி10. அதே மாடல், அதே நிறத்தில் கடையில் வாங்கியது அவருடைய சைக்கிள் ஆகிவிடாது. புகைப்படத்தில் தெரியும் கீறலும் கையில் இருக்கும் பிரேமின் கீறலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், கைமாறிய விவரம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. அவர் 2005-ல் உலகக் கோப்பையை வென்றது ஹோண்டா ஆர்.என்.-01 சைக்கிளில். ஹோண்டா மோட்டார் சைக்கிள் கம்பெனி பந்தயத்துக்கு மட்டும் செய்தது, செயின் மாற்றும் அமைப்பு முழுவதும் பெட்டிக்குள் மூடியிருக்கும். கடையில் ஒன்றுகூட விற்கவில்லை. 2007 முடிவில் அணியையே நிறுத்திவிட்டார்கள். யாராவது உங்களிடம் ஒன்று இருக்கிறது என்று சொன்னால் நம்பவும் வேண்டாம், போனை வைக்கவும் வேண்டாம்.

நம் மாகாணத்திலேயே பிறந்த சரக்கையும் சொல்லியாக வேண்டும். குவாசுலு-நட்டாலில் பேட்ரிக் மோர்வுட் தொடங்கிய மோர்வுட் சைக்கிள்கள். இசிமு, ஷோவா, ம்புசி என்று சுலு பெயர்கள். பின்னாளில் அவர் விலகிப் பைகா என்ற பெயரில் வேறு கம்பெனி தொடங்கினார். பழைய இசிமு இன்னும் இங்கே நியாயமான விலைக்குக் கிடைக்கிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் கலிபோர்னியாவை விட்டு இன்னும் இந்தப் பக்கம் முழுசாகத் திரும்பவில்லை. முதல் பெயின்டோடு, விரிசல் இல்லாத ஒரு இசிமு கிடைத்தால் நான் யோசிக்காமல் வாங்குவேன்.

'லிமிடெட் எடிஷன்' என்று எண் போட்டு இன்று புதிதாக விற்பவை பற்றிக் கேட்பவர்களுக்கு: பிடித்திருந்தால் ஓட்டுவதற்கு வாங்குங்கள். எல்லாரும் பத்திரமாக வைக்கும் பொருள் எல்லாரிடமும் பத்திரமாக இருக்கும்.

விற்பதானால், பில், கையேடு, பந்தய எண் அட்டை, அந்தக் காலத்துப் புகைப்படம் எதுவாக இருந்தாலும் தேடி எடுங்கள். அந்த அக்கா மகனிடம் கேட்டு வாங்கிய ஒரு பழைய கடை ரசீதும், சைக்கிளோடு அவன் நிற்கும் ஒரு போட்டோவும் கிளைனோடு சேர்ந்து போயின. வாங்கியவர் அவற்றைத்தான் முதலில் கையில் எடுத்தார். ஓட்டக்கூடிய நடுத்தர அளவு பிரேமுக்கு ஆள் அதிகம் என்பதையும் மனதில் வையுங்கள், மிகப் பெரியதும் மிகச் சிறியதும் காத்திருக்க வேண்டிவரும்.

வெளிநாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வாங்குவதானால், கப்பல் கூலியோடு சுங்கமும் 15 சதவீத வாட் வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். விற்பவரிடம் முழுச் சைக்கிளின் அழகான படம் கேட்காதீர்கள், அதை அவரே அனுப்புவார். பாட்டம் பிராக்கெட்டின் அடி, கீழ்க்குழாயின் அடி, பின் முனைகள் இரண்டும், கழற்றிய சீட் போஸ்ட், டிரெயிலரின் பின்புறத்து எழுத்துகள், இந்தப் படங்களைக் கேளுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். பணம் அனுப்பும் முன் அந்த வரிசை எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வந்ததும் சக்கரம் மாட்டுவதற்கு முன்னால் பிரேமைத் திருப்பி அந்த எண்ணைச் சரிபாருங்கள்.